பழைய மிதிவண்டியின் வகையையும் வயதையும் கண்டறிதல்

பழைய மிதிவண்டியின் வகையையும் வயதையும் கண்டறிதல் என்பது, ஒரு மிதிவண்டி எந்த நிறுவனத்தால், எந்த நாட்டில், ஏறத்தாழ எந்த ஆண்டுகளில் செய்யப்பட்டது என்பதை அதன் சட்டகம், மரை, உதிரிபாகங்கள், முத்திரைகள், உடன் கிடைக்கும் தாள்கள் ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்யும் முறையாகும். தமிழ்நாட்டில் பல வீடுகளில் தாத்தா ஓட்டிய ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஹம்பர், பிலிப்ஸ் வண்டிகள் இன்றும் திண்ணையோரத்திலோ மாட்டுக்கொட்டகையிலோ நிற்கின்றன. வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த பிரெஞ்சுப் பந்தய வண்டிகளும் அரிதாகக் கண்ணில் படும்.

இதை அறிவதால் மூன்று பயன்கள் உண்டு. முதலாவது, சரியான உதிரிபாகத்தைத் தேட முடியும். ஒரு நாட்டு மரையில் வேறு நாட்டுப் பாகத்தை முடுக்கினால் சட்டகமே பாழாகும். இரண்டாவது, "லண்டன் வண்டி" என்று சொல்லி இந்தியாவில் செய்த வண்டியை அதிக விலைக்கு விற்பவரிடம் ஏமாறாமல் இருக்கலாம். மூன்றாவது, குடும்ப வரலாற்றின் ஒரு பகுதி சரியான ஆண்டுடன் பதிவாகும்.

பெயர்த்தகடு மட்டும் ஏன் போதாது?

முன்பக்கக் கழுத்துக்குழாயில் பதித்திருக்கும் பெயர்த்தகட்டைப் பார்த்து முடிவுக்கு வருவதே பலரும் செய்யும் முதல் தவறு. தகடு இரண்டு சிறிய ஆணிகளால் பிடிக்கப்பட்டது. கழற்றி வேறு வண்டியில் மாட்டுவது எளிது. தகடு உண்மையானதாக இருந்தாலும் அது பெயரைச் சொல்லுமே தவிர, செய்த இடத்தைச் சொல்லிவிடாது. ஒரே பெயர் பல தொழிற்சாலைகளில் பயன்பட்டிருக்கிறது.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 1880களின் இறுதியில் தொடங்கிய ராலே நிறுவனம், 1932-இல் ஹம்பர் மிதிவண்டிப் பெயரை வாங்கியது. பர்மிங்காம் ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து வளர்ந்த பி.எஸ்.ஏ.வின் மிதிவண்டிப் பிரிவு 1957-இல் ராலேயிடம் வந்தது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ் ஆகிய பெயர்களை வைத்திருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தின் மிதிவண்டித் தொழிலும் ராலேயும் 1960-இல் ஒன்றாயின. எனவே 1960-க்குப் பிந்தைய இங்கிலாந்து ஹெர்குலிஸ் ஒன்றில் ராலேயின் சாயல் தெரிந்தால் அதில் வியப்பில்லை.

தமிழ்நாட்டுக்கு வந்த வண்டிகள்

நாடு விடுதலை அடையும்வரை இங்கு ஓடிய நல்ல வண்டிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. விடுதலைக்குப் பின் நிலை மாறியது. சென்னையின் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949-இல் தொடங்கிய நிறுவனம், அம்பத்தூரில் ஆலை அமைத்து 1951 முதல் ஹெர்குலிஸ் மிதிவண்டிகளைச் செய்தது. பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்களும் பின்னர் அங்கிருந்து வந்தன. மேற்கு வங்கத்தின் ஆசன்சோலில் சென்-ராலே ஆலை 1950களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. அரியானாவின் சோனிப்பட்டில் அட்லஸ் 1951-இலும், லூதியானாவில் ஹீரோ 1956-இலும் தொடங்கின.

அம்பத்தூர் ஆலை சென்னை-அரக்கோணம் இரயில் பாதையை ஒட்டியது. மணவூர், திருவாலங்காடு போன்ற நிலையங்களுக்குச் சுற்றுக் கிராமத்து மக்கள் மிதித்து வந்த ஹெர்குலிஸ் வண்டிகளில் பல, அதே பாதையில் சில மணி நேரத் தொலைவில் பிறந்தவை. ஆனால் அவற்றின் பெயரும் வடிவமும் ஆங்கில வண்டியைப் போலவே இருந்ததால், "இங்கிலாந்து சைக்கிள்" என்ற பேச்சு வீடுகளில் நிலைத்துவிட்டது. இப்பேச்சைச் சோதிக்க எளிய வழி, சட்டகத்திலும் பாகங்களிலும் "மேட் இன் இந்தியா" என்றோ "மேட் இன் இங்கிலாந்து" என்றோ பொறித்திருக்கிறதா என்று தேடுவது. ஒரே ஒரு பாகத்தில் பார்த்தால் போதாது. சட்டகம், கிராங்க், ஹப், ரிம் ஆகிய நான்கிலும் பார்க்க வேண்டும்.

உருவத்தைப் பார்த்தல்

தூரத்திலிருந்து பார்க்கும்போதே சில செய்திகள் கிடைக்கும்.

சக்கரம்: நம் ஊர்ப் பெரிய வண்டியின் டயரில் 28 x 1½ என்று இருக்கும். இதன் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. பிரெஞ்சுப் பந்தய வண்டியின் 700சி சக்கரத்தில் அந்த விட்டம் 622 மி.மீ. ஏற்றுமதிக்குச் செய்த பிரெஞ்சு வண்டிகள் சிலவற்றில் 27 அங்குலச் சக்கரம் உண்டு. அதன் விட்டம் 630 மி.மீ. பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றின் டயர் மற்றொன்றில் சரியாக உட்காராது.

போக்ஸ் கம்பி: ஆங்கில மரபில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 கம்பிகள். இந்தியப் பெரிய வண்டிகளும் இதையே பின்பற்றின. பிரெஞ்சு வண்டிகளில் இரண்டுக்கும் 36 கம்பிகள் இருப்பது வழக்கம். எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

காற்றடிக்கும் வாய்: நம் வண்டிகளில் சிறு ரப்பர் வால்டியூப் போட்ட தடித்த வாய் இருக்கும். பிரெஞ்சுப் பந்தய வண்டிகளில் மெல்லிய, நுனியில் சிறு திருகுள்ள வாய் இருக்கும். ரிம்மிலுள்ள துளையே சிறியது என்பதால், டியூப் மாறியிருந்தாலும் துளை உண்மையைச் சொல்லிவிடும்.

செயின் பல்சக்கரம்: பழைய ராலேயின் பல்சக்கரத்தில் நாரைத் தலைகளும், ஹம்பரின் பல்சக்கரத்தில் சிறு மனித உருவங்களும், பி.எஸ்.ஏ.வில் அப்பெயரின் எழுத்துகளும் வெட்டப்பட்டிருக்கும். பி.எஸ்.ஏ.வின் முத்திரை, ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள். ஹம்பரின் முன்ஃபோர்க்கில் ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாய் இருப்பது அதன் தனி அடையாளம்.

பிரேக்: கனத்த கம்பிகளால் இழுக்கும் பிரேக் சாலை வண்டிக்கு உரியது. வளைந்த ஹேண்டில்பாரும் ஒயர் பிரேக்கும் பந்தய வகைக்கு உரியவை. ஆனால் இவை மாற்றத் தக்கவை. சட்டகத்தில் அவற்றுக்கென ஒட்டவைத்த பிடிகள் இருக்கின்றனவா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மரை சொல்லும் நாடு

வர்ணம் மாறும், தகடு மாறும், சக்கரம் மாறும். சட்டகத்தில் வெட்டிய மரை எளிதில் மாறாது. அதனால் வண்டி பிறந்த நாட்டைச் சொல்வதில் மரைக்கு முதலிடம் தரலாம். பெடல் அச்சு சுழலும் அடிக்கூட்டை மெக்கானிக்குகள் பிபி என்பர். அங்கே பார்க்க வேண்டிய அளவுகள் இவை.

ஆங்கில முறை: கூட்டின் மரை விட்டம் 1.37 அங்குலம், ஓர் அங்குலத்திற்கு 24 மரைகள். செயின் இருக்கும் வலப்பக்கக் கிண்ணத்துக்கு இடமரை, அதாவது வழக்கத்துக்கு எதிரான மரை.

ராலே முறை: நாட்டிங்காம் ராலே தன் வண்டிகளுக்கென ஓர் அங்குலத்திற்கு 26 மரைகள் என்ற தனி அளவை வைத்திருந்தது. ராலே என்று சொல்லப்படும் வண்டியில் 26 மரை இருந்தால் அது வலுவான சான்று.

பிரெஞ்சு முறை: விட்டம் 35 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ. இரு பக்கமும் சாதாரண வலமரை.

பிரெஞ்சு வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த வேறுபாடுதான். ஆங்கில, இந்திய வண்டிகளில் பழகிய மெக்கானிக், வலப்பக்கக் கிண்ணத்தைக் கழற்றக் கடிகார முள் திசையில் திருகுவார். பிரெஞ்சு வண்டியில் அது கழற்றும் திசை அல்ல, முடுக்கும் திசை. மேலும் மேலும் பலம் கொடுத்தால் கிண்ணம் உடையும், அல்லது கூட்டின் மரை உரிந்துபோகும். எனவே வண்டி எந்த நாட்டுடையது என்று தெரியும்முன் அடிக்கூட்டில் ஸ்பேனரை வைக்கக் கூடாது.

பெடல் மரையிலும் வேறுபாடு உண்டு. ஆங்கிலப் பெடல் அச்சின் விட்டம் 9/16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 14.3 மி.மீ. பிரெஞ்சுப் பெடலுக்கு 14 மி.மீ. ஆங்கிலப் பெடலைப் பிரெஞ்சு கிராங்கில் பலமாக முடுக்கினால் அது புது மரையை வெட்டிக்கொண்டே உள்ளே போகும்.

குழாயின் வெளிவிட்டமும் ஒரு சான்று. வெர்னியர் அளவி கொண்டு சட்டகத்தின் மேல்குழாயை அளந்தால், ஆங்கில முறையில் 25.4 மி.மீ. (ஓர் அங்குலம்), பிரெஞ்சு முறையில் 26 மி.மீ. இருக்கும். இருக்கைக் குழாய் ஆங்கில முறையில் 28.6 மி.மீ., பிரெஞ்சு முறையில் 28 மி.மீ. வர்ணப் பூச்சின் தடிமன் அளவைச் சற்றுக் கூட்டிக் காட்டும் என்பதால், பல இடங்களில் அளந்து ஒப்பிட வேண்டும். ஒரு குழாய் கூடுதலாகவும் மற்றொன்று குறைவாகவும் இருப்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

பிரெஞ்சுப் பந்தய வண்டிகள்

பியூஜோ, மோட்டோபெகான், ஜித்தான், மெர்சியே ஆகியவை பிரான்சின் புகழ்பெற்ற பெயர்கள். சிங்க முத்திரை கொண்ட பியூஜோ 1882-இலேயே மிதிவண்டி செய்யத் தொடங்கியது. பெர்னார் தெவனே 1975, 1977 ஆகிய ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றது பியூஜோ வண்டியில்தான். புதுச்சேரியில் கிடைத்தது என்பதாலேயே ஒரு வண்டி பிரெஞ்சு வண்டி ஆகிவிடாது. மேலே சொன்ன அளவுகள் பொருந்த வேண்டும்.

பியூஜோ தன் வகைகளுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறிகளை வைத்தது. பிஎக்ஸ்-10 என்பது பந்தயக்காரர்களுக்கானது. அதன் சட்டகம் ரெய்னால்ட்ஸ் 531 என்னும் இலேசான ஆங்கிலக் குழாயால் ஆனது, கிராங்க் அலுமினியம். வெள்ளைச் சட்டகத்தில் குழாய் இணைப்புகளுக்குக் கறுப்பு வர்ணம் தீட்டிய பிஎக்ஸ்-10 பலருக்கும் தெரிந்த தோற்றம். யுஓ-8 என்பது பொதுமக்களுக்கானது. சாதாரண எஃகுக் குழாயும், காட்டர் பின் வைத்து இறுக்கிய எஃகு கிராங்கும் கொண்டது. பெயர் எழுத்துகள் அழிந்துபோன வண்டியில், கையில் தூக்கினால் தெரியும் எடையும் கிராங்கின் உலோகமும் முதல் வேறுபாட்டைக் காட்டும்.

கியர் மாற்றும் கருவிக்கு உலகம் முழுவதும் வழங்கும் 'டெராய்லர்' என்ற பெயரே பிரெஞ்சுச் சொல்தான்; தடம்புரளச் செய்வது என்பது அதன் பொருள். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து தள்ளி மற்றொன்றில் ஏற்றுவதால் அப்பெயர். 1960களிலும் 1970களிலும் பிரெஞ்சு வண்டிகளில் சிம்ப்ளெக்ஸ் நிறுவனத்தின் கறுப்புப் பிளாஸ்டிக் டெராய்லர்களைப் பரவலாகக் காணலாம். மஃபாக் பிரேக், ஸ்ட்ராங்லைட் கிராங்க் ஆகியவையும் அக்காலப் பிரெஞ்சு வண்டியின் அடையாளங்கள். இம்மூன்றும் சேர்ந்து ஒரே வண்டியில் இருந்தால், பாகங்கள் மாறாமல் இருக்கின்றன என்ற நம்பிக்கை கூடும்.

பின்சக்கரப் பற்களின் அடுக்கும் உதவும். 1960களிலும் 1970களின் பெரும்பகுதியிலும் 5 அடுக்கு பரவலாக இருந்தது. பின்னர் 6, 1980களில் 7 என்று வளர்ந்தது. பிரெஞ்சு மரை அளவுகளும் 1970களின் இறுதியிலிருந்து மெல்ல மறைந்தன. வலப்பக்கம் இடமரை கொண்ட 35 மி.மீ. அளவு சில ஆண்டுகள் இருந்தது. அதை சுவிஸ் மரை என்பர். பிறகு ஆங்கில அளவே பொதுவானது. மோட்டோபெகான் நிறுவனம் 1980களில் கைமாறி எம்பிகே என்ற பெயரைப் பெற்றது. எனவே எம்பிகே என்று எழுதிய வண்டி 1980களின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்க முடியாது.

தேதி பொறித்த பாகங்கள்

சில நிறுவனங்கள் தங்கள் பாகங்களில் தேதியைப் பொறித்தன. நாட்டிங்காமின் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று வேக ஹப்பின் மேல்புறத்தில் இரண்டு எண்களைக் காணலாம். 12-ஐவிடப் பெரிய எண் ஆண்டு, மற்றது மாதம். 57, 8 என்று இருந்தால் 1957 ஆகஸ்ட். நம் ஊரில் ஓடிய பெரும்பாலான வண்டிகள் ஒற்றை வேகமானவை என்பதால் இந்த ஹப் அரிதாகவே கிடைக்கும். கிடைத்தால் அது நல்ல சான்று.

ஜப்பானின் ஷிமானோ பாகங்களில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து ஆண்டு. ஏ என்பது 1976, பி 1977, சி 1978 என்று வரிசையாகச் செல்லும். இரண்டாம் எழுத்து மாதம். ஏ ஜனவரி, எல் டிசம்பர்.

சட்டகத்தின் வரிசை எண் இருக்கைக் குழாயின் இணைப்பிலோ அடிக்கூட்டின் கீழோ பொறித்திருக்கும். எண்ணை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்வதைவிட, நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட்ட விலைப்பட்டியல் நூல்களில் உள்ள நிறம், பாகங்கள் ஆகியவற்றோடு வண்டியை ஒப்பிடுவது நம்பகமானது.

ரசீது, வில்லை, கடைச்சீட்டு

வெளிநாட்டு நூல்களில் காணப்படாத, நம் நாட்டுக்கே உரிய சான்றுகள் சில உள்ளன.

நாணயம்: 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் தசம நாணயம் வந்தது. பழைய ரசீதில் ரூபாய், அணா, பைசா என்று மூன்று பத்திகள் இருந்தால் அது பெரும்பாலும் அதற்கு முந்தியது. நயா பைசா என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது.

அஞ்சல் குறியீடு: விற்ற கடையின் சிறு தகடோ ஒட்டுச்சீட்டோ சட்டகத்திலோ மட்கார்டிலோ இருக்கக்கூடும். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. "மதராஸ்-1" என்பது போன்ற முகவரி அதற்கு முந்திய காலத்தையும், 600 என்று தொடங்கும் எண் பிந்திய காலத்தையும் காட்டும்.

மாவட்டமும் மாநிலமும்: திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, எல்லை மாற்றத்தின்படி அன்று சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. ஆகவே திருத்தணி, சித்தூர் மாவட்டம் என்று அச்சிட்ட ரசீது அதற்கு முந்திய அச்சு. சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது 1969 ஜனவரி 14. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-இல்.

வரி வில்லை: உள்ளாட்சி அமைப்புகள் ஒரு காலத்தில் மிதிவண்டிக்கு வரி வாங்கி, ஆண்டு பொறித்த சிறு உலோக வில்லையைக் கொடுத்தன. வில்லை, அந்த ஆண்டில் வண்டி ஓடியது என்பதற்குச் சான்று. அந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதற்கு அல்ல. வண்டி அந்த ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்லலாம்.

ஆண்டைக் கணக்கிடும் முறை

இது கணிதத்தில் வரும் இடைவெளியைப் போன்றது. ஒவ்வொரு சான்றும் "இதற்கு முன் இல்லை" அல்லது "இதற்குப் பின் இல்லை" என்ற ஓர் எல்லையைத் தரும். எல்லைகள் நெருங்க நெருங்க விடை துல்லியமாகும்.

ஓர் எடுத்துக்காட்டு. "நாடு விடுதலை ஆன வருஷம் தாத்தா வாங்கிய இங்கிலாந்து ஹெர்குலிஸ்" என்று ஒரு வீட்டில் சொல்கிறார்கள் எனக் கொள்வோம். சட்டகத்தில் மேட் இன் இந்தியா என்று இருக்கிறது. எனவே 1951-க்கு முன் இல்லை. பெட்டியில் கிடைத்த ரசீதில் ரூபாய், அணா கணக்கு. எனவே 1957-க்குப் பெரிதும் பின் இல்லை. டயரும் டைனமோவும் புதியவை. அவை மாற்றப்பட்டவை என்பதால் கணக்கில் சேரா. விடை 1951 முதல் 1957 வரை. தாத்தா பொய் சொன்னார் என்று இதற்குப் பொருள் இல்லை. நினைவு எப்போதும் பெரிய நிகழ்ச்சியின் பக்கம் சாயும்.

மற்றொன்று. ஒரு பந்தய வண்டியில் பிரெஞ்சு மரை, மஃபாக் பிரேக், முன்பக்கம் சிம்ப்ளெக்ஸ் பிளாஸ்டிக் டெராய்லர், 5 அடுக்குப் பற்கள் உள்ளன. பின்பக்க டெராய்லர் மட்டும் ஷிமானோ. குறி ஈ, சி. அதாவது 1980 மார்ச். இதை வைத்து வண்டி 1980-இல் செய்யப்பட்டது என்று சொன்னால் தவறு. மற்ற எல்லாப் பாகங்களும் 1960களையும் 1970களையும் காட்டும்போது, தனித்து நிற்கும் இந்தப் பாகம் பழுதுக்காகப் பின்னர் மாட்டியது என்று கொள்வதே பொருந்தும். பெரும்பான்மைச் சான்றோடு பொருந்தாத பாகத்தை எறிந்துவிட வேண்டியதில்லை. அதுவும் அந்த வண்டி வாழ்ந்த வாழ்க்கையின் பதிவுதான்.

செய்யக் கூடாதவை

புது வர்ணம் அடிப்பதே பழைய வண்டிக்குச் செய்யப்படும் பெரிய கேடு. சுரண்டி எடுக்கும்போது எழுத்துகள், தங்கக் கோடுகள், கடைச்சீட்டு ஆகியவை ஒருசேர அழியும். வரிசை எண்ணும் தேய்ந்துபோகும். அவை போனபின் திரும்பக் கிடைக்கா. உப்புத்தாளால் தேய்க்காமல், மெல்லிய துணியில் சிறிது எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே பல எழுத்துகள் வெளிப்படும்.

எதையும் கழற்றும்முன் வண்டியின் வலப்பக்கம், இடப்பக்கம், கழுத்துக்குழாய், அடிக்கூடு, ஹப் ஆகியவற்றைப் படம் எடுத்து, அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை எடைக்குப் போடாமல் ஒரு டப்பாவில் போட்டு வைக்கலாம். அதன் அடியில் ஒரு தேதி இருக்கக்கூடும். வீட்டுப் பெரியவர்களிடம் வண்டியைப் பற்றி விசாரிப்பதைத் தள்ளிப் போடக் கூடாது. இரும்பு இன்னும் பல ஆண்டுகள் இருக்கும். அதை வாங்கிய நாளை நினைவில் வைத்திருப்பவர் இருப்பார் என்பது உறுதி இல்லை.